ஏட்டில் நின்றது சொல், தொண்டையில் நின்றது பண்

(கடலூர் மாவட்டத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் இசை ஆசிரியை இல்லை, தமிழாசிரியை. சுதி பிசகாமல் பாடுவேன் என்றுகூட உறுதி சொல்ல முடியாது. அதனால் இசை நுணுக்கம் எதையும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு மாணவன் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். போவதற்கு முன்பே வகுப்பில், "நாம போறது இசைக்குப் பேர்போன ஊர்" என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். கோபுர வாயிலில் 108 கரணச் சிற்பங்களைக் காட்டினேன். பிள்ளைகள் கையைக் காலை மடக்கி அப்படியே நின்று பார்த்தார்கள், சிரித்தார்கள். பொன்வேய்ந்த கூரையைப் பார்த்தார்கள். ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் ஒருவன் கேட்டான்: "டீச்சர், ஆட்டம் கல்லுல தெரியுது. பாட்டு ஊருன்னு சொன்னீங்களே, பாட்டு எங்க இருக்கு?"

"இருக்குப்பா, வா" என்று மழுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி கூடவே வந்தது. ஓர் ஊரின் இசை மரபை எதைக் காட்டிப் புரிய வைப்பது?

உலகத்தில் இசைத் தலைநகர் என்றாலே ஆஸ்திரியாவின் வியன்னாவைத்தான் சொல்வார்கள். அந்த ஊரைப் பற்றிப் படித்தபோது முதலில் கவனத்துக்கு வந்தது, அங்கே புகழ்பெற்றவர்களில் பலர் அந்த ஊர்க்காரர்களே இல்லை என்பது. மொசார்ட் சால்ஸ்பர்க்கிலிருந்து 1781இல் வந்து வியன்னாவில் தங்கினார். பீத்தோவன் ஜெர்மனியின் பான் நகரத்தில் பிறந்து 1792இல் வந்தவர். ஹைடன் சிறுவனாக இருந்தபோது தேவாலயத்தில் பாடுவதற்காக அழைத்துவரப்பட்டவர். அரசவையில் பாடச் சிறுவர்களை வைத்து ஆதரிக்கும் வழக்கத்தை 1498இலேயே முதலாம் மாக்சிமிலியன் தொடங்கி வைத்தார். இன்று உலகம் சுற்றிப் பாடும் வியன்னா சிறுவர் பாடகர் குழுவின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஊரிலேயே பிறந்தவர் ஷூபர்ட். 1797இல் பிறந்தவர். அவருடைய அப்பா யார் தெரியுமா? நம்மைப் போல ஒரு பள்ளி ஆசிரியர். ஷூபர்ட்டும் சிறுவயதில் அரசவைத் தேவாலயத்தில் பாடினார். பிறகு அப்பாவின் பள்ளியிலேயே உதவி ஆசிரியராகச் சில ஆண்டுகள் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அப்படி வேலை பார்த்துக்கொண்டே 1815ஆம் ஆண்டில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசை எழுதினார்.

"இசை எழுதினார்" என்று சொன்னேன் அல்லவா? அங்கேதான் அவர்களுக்கும் நமக்கும் பெரிய வேறுபாடு. ஐந்து கோடு போட்டு, ஒவ்வொரு சுரத்தையும் அதன் அளவோடு தாளில் குறித்து வைத்தார்கள். இருநூறு ஆண்டு கழித்து அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே வாசிக்க முடிகிறது. அங்கே இசை எங்கே இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டால், "இதோ, இந்தத் தாளில்" என்று காட்டலாம். நம் ஊரில் எதைக் காட்டுவது?

இப்போது நம் மாவட்டத்து வரைபடத்தை மனத்தில் விரித்துக்கொள்ளுங்கள். பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவாமூர். திருநாவுக்கரசர் பிறந்த ஊர். அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள் என்றும், அவர் பாடிக்கொண்டே கரையேறினார் என்றும் சொல்கிறோமே, அந்தத் திருப்பாதிரிப்புலியூர் கடலூர் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. காட்டுமன்னார்கோயில்தான் பழைய வீரநாராயணபுரம். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்த நாதமுனிகளின் ஊர். தொகுத்ததோடு நிற்காமல் தம் மருமக்கள் இருவருக்கும் இசையோடு கற்பித்து, பாடுகிற மரபாக அதை அவர் நிலைநிறுத்தினார். அதே வட்டாரத்துத் திருநாரையூர், தேவாரத்தைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியின் ஊர். தமிழின் இரண்டு பெரும் பக்தி இசைத் தொகுப்புகளும் மீட்டெடுக்கப்பட்ட வரலாறு ஒரே வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அந்த வட்டத்தில் பணியாற்றும் ஆசிரியர்கள் இந்த அரங்கத்தில் இருக்கிறீர்கள்.

நம்பியாண்டார் நம்பியின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணம் அதைச் சொல்கிறது. தில்லைக் கோயிலில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. பாடிய மூவரும் வந்தால்தான் திறக்கலாம் என்கிறார்கள். மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து மன்னன் கதவைத் திறக்க வைக்கிறான். உள்ளே ஏடுகள் கரையான் புற்றுக்குள் கிடக்கின்றன. அரித்தவை போக எஞ்சியதை எடுத்துத் தொகுக்கிறார்கள். இதுவரை நாம் வகுப்பில் சொல்லிவிடுகிறோம்.

கதை அத்தோடு முடியவில்லை. ஏடு கிடைத்துவிட்டது, பாட்டின் சொல் கிடைத்துவிட்டது. எப்படிப் பாடுவது என்று யாருக்கும் தெரியவில்லை! ஏட்டில் பண் இல்லை. கோடும் சுரக்குறிப்பும் அதில் கிடையாது. அப்போது என்ன செய்தார்கள்? திருஎருக்கத்தம்புலியூருக்குப் போனார்கள். ஞானசம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்று அவர் பாட்டை யாழில் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் ஊர் அது. இன்றைக்கு விருத்தாசலம் பக்கத்தில் இராசேந்திரப்பட்டினம் என்று பேருந்துப் பலகையில் பார்க்கிறோமே, அதே ஊர். அங்கே பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணுக்குப் பண் தெரிந்திருந்தது. அவரைத் தில்லைக்கு அழைத்து வந்து பண் வகுக்கச் செய்தார்கள் என்று புராணம் சொல்கிறது.

இதைப் புராணம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. ஏட்டைக் கோயிலும் மன்னனும் சேர்ந்து காப்பாற்ற முடியும். பண்ணைக் காப்பாற்ற ஒரு மனிதத் தொண்டை வேண்டும். அது தலைமுறை தலைமுறையாக ஒரு வீட்டுக்குள் பாடிக்கொண்டிருந்தாக வேண்டும்.

அந்த வீடு எப்படிப்பட்ட வீடு என்பதையும் பார்க்க வேண்டும். பெரிய புராணத்தில் யாழ்ப்பாணர் கோயில் வாசலில் நின்று யாழ் வாசிக்கிறார். உள்ளே போகும் நிலை அவருக்கு இல்லை. மதுரையில் இறைவன் பணித்துத்தான் உள்ளே அழைத்துப் போகிறார்கள். திருவாரூரில் அவருக்காக வடக்குப் பக்கம் தனி வாசல் வகுக்கப்பட்டது என்கிறார் சேக்கிழார். வாசலில் நிறுத்தப்பட்டவரின் மரபில் வந்த ஒரு பெண்ணிடம்தான் தேவாரப் பண் பிழைத்துக் கிடந்திருக்கிறது.

இன்னொருவர் நந்தனார். அவருடைய ஆதனூர், காட்டுமன்னார்கோயில் பக்கத்து மேலாதனூர்தான் என்று நம் பகுதி மக்கள் காட்டுகிறார்கள். நந்தனார் கோயிலுக்கு என்ன தொண்டு செய்தார் என்று எந்த வகுப்பில் கேட்டாலும் "நந்தி விலகியது" என்றுதான் பதில் வரும். சேக்கிழார் சொல்வதைப் பாருங்கள். பேரிகை போன்ற தோற்கருவிகளுக்குப் போர்க்கும் தோலும் விசித்துக் கட்டும் வாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். கோயிலுக்குள் முழங்கிய முழவும் ஒலித்த யாழும் அவர் கொடுத்த பொருளால் ஆனவை. அவரோ வெளியே நின்றார். அந்தப் பகுதியை மாணவர்களோடு படித்தபோது, பறை அடிக்கும் வீட்டிலிருந்து வரும் ஒரு பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். நம் பாடநூலின் எத்தனையோ வரிகள் செய்யாததை அந்த ஒரு செய்தி செய்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கதையை எடுத்து நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாகப் பாடினார். பெரிய புராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தை அவர் சேர்த்தார். அதுதான் நந்தனைத் தில்லைக்குப் போகவிடாமல் தடுக்கும் பண்ணை முதலாளியான வேதியர். விடுப்புக் கேட்டுக் கெஞ்சும் பண்ணையாளின் குரல் அதனால் பாட்டுக்குள் வந்தது. தம் காலத்துத் தஞ்சை வயல்களில் அவர் கண்ட குரல் அது என்று எனக்குத் தோன்றுகிறது. காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரியின் உதவியோடு 1860களில் அது அச்சேறியது. கதாகாலட்சேபமாக ஊர் ஊராகப் போயிற்று. பின்னால் திரைப்படமாகவும் வந்தது. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். 1942இல் எம்.எம். தண்டபாணி தேசிகர் நடித்தார். அதே தேசிகர் பிற்காலத்தில் சிதம்பரத்துக்கு வந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறைக்குத் தலைமை தாங்கினார்.

ஆசிரியர்கள் நினைவில் வைக்க வேண்டிய ஆண்டு ஒன்று உண்டு. 1916. அந்த ஆண்டில் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர், நந்தனாரின் பெயரால் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். பாட்டு ஒரு பக்கம் மக்களை அழ வைத்தது. அழுகை மட்டும் போதாது, கதவைத் திறக்கப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று இவர் செயலில் காட்டினார்.

இனிக் கீர்த்தனைக்கு வருவோம். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் இன்று கச்சேரிகளில் கேட்கிறோமே, அந்த வடிவத்தில் தமிழில் முதன்முதல் நிறையப் பாடியவர் என்று முத்துத்தாண்டவரைச் சொல்கிறோம். சீர்காழிக்காரர். திருவாரூர் மும்மூர்த்திகளுக்கு முற்பட்டவர். நாள்தோறும் தில்லைக்குப் போய், சந்நிதிக் கூட்டத்தில் காதில் விழும் முதல் சொல்லை எடுத்துக்கொண்டு அன்றைய பாட்டைத் தொடங்குவார் என்பது அவரைப் பற்றி வழங்கும் கதை. கவனியுங்கள், பாட்டின் முதல் சொல் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவருடைய பேச்சிலிருந்து வந்தது. அவரையும் மாரிமுத்தாப் பிள்ளையையும் இராமநாடகம் பாடிய அருணாசலக் கவிராயரையும் தமிழிசை மூவர் என்கிறோம். ஆனால் அவர்களுக்கும் தேவாரத்துக்கு நேர்ந்ததே நேர்ந்தது. சொல் ஏட்டில் தங்கியது. மெட்டுகள் பல மறைந்துபோயின. இன்று மேடையில் கேட்கும் அவர்கள் பாடல்கள் பலவற்றுக்குப் பிற்கால வித்துவான்கள் போட்ட மெட்டுத்தான் வழங்குகிறது.

ஒப்பிட்டுப் பாருங்கள். பீத்தோவன் இறந்தது 1827இல். நம் சியாமா சாஸ்திரிகள் மறைந்ததும் அதே 1827இல்தான். பீத்தோவனின் சுரங்கள் அவர் கைப்படத் தாளில் இருக்கின்றன. சாஸ்திரிகளின் கிருதிகள் மாணவர் வழியாக, வாய்மொழியாகவே நம்மிடம் வந்தன. ஒரு மாணவர் சங்கிலி அறுந்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும். எழுத்து உயர்ந்ததா, வாய்மொழி உயர்ந்ததா என்று நான் விவாதிக்கவில்லை. வாய்மொழி மரபு உள்ள நாட்டில் ஆசிரியர் தளர்ந்தால் இழப்பு நிரந்தரமானது என்றுதான் சொல்கிறேன்.

இதை உணர்ந்த முயற்சிகளும் நம் ஊரிலேயே நடந்தன. 1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரியைத் தொடங்கினார். டைகர் வரதாச்சாரியார் போன்ற பெரியவர்கள் அங்கே கற்பித்தார்கள். 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்ற குரல் அங்கிருந்து வலுப்பெற்றது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அதே பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஈழத்து விபுலானந்த அடிகள், பல ஆண்டு ஆராய்ந்து பழந்தமிழ் யாழைப் பற்றி எழுதிய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, "சரி டீச்சர், எங்க பள்ளியில பாட்டு வாத்தியாரே இல்லை, நாங்க என்ன பண்றது?" என்று நீங்கள் கேட்பீர்கள். என் பள்ளியிலும் இல்லை. அதனால் நான் செய்து பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, காலை வணக்கக் கூட்டம். நம் பிள்ளைகள் தினமும் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுகிறார்கள். அதற்கு மெட்டமைத்தவர் எம்.எஸ். விஸ்வநாதன். ராகம் மோகனம். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, முல்லைப் பண்ணில், அதாவது மோகன ராகத்தில், 55 நொடிகளில் பாட வேண்டும் என்கிறது. ஆக, பழந்தமிழ்ப் பண் ஒன்றைத் தமிழ்நாட்டின் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் தினமும் பாடுகிறார்கள். அது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சொல்லுங்கள். ஒரு நாள் கைப்பேசியில் நொடிமுள்ளை வைத்து அளந்து பாட வையுங்கள். முப்பத்தைந்து நொடியில் ஓட்டிவிடும் பிள்ளைகள் எவ்வளவு நிதானப்படுகிறார்கள் என்று பாருங்கள்.

இரண்டாவது, ஒரு கீபோர்டு அல்லது ஆர்மோனியம். இல்லையென்றால் கைப்பேசியில் உள்ள பியானோ செயலி போதும். கறுப்புக் கட்டைகளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று சேர்ந்தும் இரண்டு சேர்ந்தும் மாறி மாறி வரும். மூன்று உள்ள தொகுதியின் முதல் கட்டையைச் சட்சமாக வைத்து வரிசையாக ஐந்து கறுப்புக் கட்டைகளையும் அழுத்தினால் மோகனம் வந்துவிடும். ச ரி க ப த. இப்போது இரண்டு உள்ள தொகுதியின் முதல் கட்டையைச் சட்சமாக வைத்து அதே ஐந்தை அழுத்துங்கள். சுத்த சாவேரி. ச ரி ம ப த. கட்டை மாறவில்லை, தொடங்கும் இடம் மாறியது, பாட்டின் முகமே மாறிவிட்டது. இப்படிச் சட்சத்தை மாற்றிப் புதுப் பண் காண்பதைத்தான் நம் முன்னோர் பண்ணுப்பெயர்த்தல் என்றார்கள். கணக்கு ஆசிரியர்களுக்கு இது மிகவும் பிடிக்கும். பிள்ளைகளுக்கு அதைவிடப் பிடிக்கும்.

மூன்றாவது, செய்யுளை வாசித்துவிட்டு நகர வேண்டாம். ஏதாவது ஒரு மெட்டில் பாட வையுங்கள். சரியான பண்ணா என்ற கவலை பிறகு. திறமையுள்ள பிள்ளையைக் கண்டால் கடலூரில் உள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியைப் பற்றிப் பெற்றோரிடம் சொல்லுங்கள். குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில், மிருதங்கம், வயலின், பரதம் என்று அங்கே கற்பிக்கிறார்கள்.

நான்காவது, ஒன்றைச் செய்யாமல் இருப்பது. "உனக்குக் குரல் சரியில்லை, நீ பின்னால நில்லு" என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாமல் இருப்பது. நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவள்தான். பாணர் வாசலில் நின்றார், நந்தனார் வெளியே நின்றார் என்று உருக்கமாகப் பாடம் நடத்திவிட்டு, காலை வணக்கத்தில் ஒரு பிள்ளையை நானே பின்வரிசைக்குத் தள்ளியிருக்கிறேன். அது உறைத்தபோது வெட்கமாக இருந்தது.

ஐந்தாவது, வீட்டுப்பாடம். பாட்டியிடமோ அம்மாவிடமோ ஒரு பாட்டுக் கேட்டு வரச் சொன்னேன். தாலாட்டு, நடவுப் பாட்டு, எது வேண்டுமானாலும். முதல் நாள் நான்கு பேர்தான் கொண்டுவந்தார்கள். எழுதி வந்தவர்களிடம், "எழுத்து வேண்டாம், பாடு" என்றேன். கூச்சம். பிறகு ஒருத்தி பாடினாள். அடுத்த வாரம் பதினேழு பேர்.

சிதம்பரத்தில் என்னிடம் கேள்வி கேட்ட பையனும் ஒரு நாள் வந்தான். அவன் பாட்டி நடவு நடும்போது பாடும் பாட்டு. இரண்டு அடி பாடினான், மூன்றாவது அடியில் மறந்துவிட்டது. "பாட்டிகிட்ட மறுபடி கேட்டுட்டு வரேன் டீச்சர்" என்றான். "சீக்கிரம் கேளு" என்றேன். "நாட்டுப் பக்கம் இப்ப மெஷின் நடவு டீச்சர், பாட்டியே ரொம்ப நாளா பாடலை" என்றான். மறுநாள் முழுதாகப் பாடினான். வகுப்பு கூடச் சேர்ந்து குலவையிட்டது. தலைமையாசிரியர் என்னமோ ஏதோ என்று ஓடிவந்து பார்த்தார்.

அன்றைக்கு அவனுக்குச் சொன்னேன்: "சிதம்பரத்துல நீ கேட்டியே, பாட்டு எங்க இருக்குன்னு. நேத்து ராத்திரி வரைக்கும் உங்க பாட்டிகிட்ட இருந்துச்சு. இப்ப உன்கிட்டயும் இருக்கு."

நம் ஒவ்வொரு வகுப்பிலும் முப்பது நாற்பது தொண்டைகள் இருக்கின்றன. அவர்கள் வீட்டில் பாட்டிகள் இருக்கிறார்கள். இந்தப் பருவத்துக்குள் ஒரு பிள்ளைக்கு ஒரு பாட்டு என்று தொடங்குவோம். அடுத்த கூட்டத்தில் நான் பேசப் போவதில்லை. நீங்கள் கொண்டுவரும் பாட்டுகளைக் கேட்கக் காத்திருப்பேன்.